பெரட்டில் கூப்பிடாத பெயர்

சனிக்கிழமை காலைகளில் கோல சிலாங்கூரில், அந்தப் பயிற்சி மையத்துக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே நம் பிள்ளைகள் பந்து பிடிக்கவும் பொத்தான் போடவும் கற்றுக்கொள்கிறார்கள். வெளியே நாம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். வாரத்தில் எனக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். உங்களில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள். நான் மட்டும் அப்பாவாக வருகிறேன். கல்யாணம் தாமதம், பிள்ளை அதைவிடத் தாமதம்.

என் மகனுக்குப் பதினேழு வயது. என்னைவிட ஒரு தலை உயரம். அசாம் ஜாவா பக்கம் சாலையைத் தோண்டிப்போட்டு வேறு வழியாகப் போகச் சொன்னால் போதும், காரின் கண்ணாடியில் தலையை மோத ஆரம்பித்துவிடுவான். போன மாதம் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தான். மறுநாள் காலையில் நான் கழற்றிப்போட்ட சட்டையைத் தேடி எடுத்து, காலரை மூக்கில் வைத்து முகர்ந்து, நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனான். இது வரவா அது செலவா என்று கூட்டிக் கழித்துப் பார்க்க இப்போது தெம்பில்லை. அசதியாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று தெரியும். நாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் புதிதாக வந்த ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "அங்கிள், உங்க காலத்துல எஸ்டேட்ல இந்த மாதிரி பிள்ளைங்களே இல்லைலா. இப்பதான் எங்க பார்த்தாலும் இப்படி. போன் பார்த்துப் பார்த்து வருதுன்னு சொல்றாங்க, உண்மையா?"

நான் சும்மா தலையாட்டி வைத்தேன். நீங்களும் ஆட்டினீர்கள்.

மகனைப் பரிசோதித்த டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டபோதும் நான் "இல்லை" என்றுதான் சொன்னேன். பக்கத்தில் இருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, "அப்ப இவனோட அத்தை யாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

என் தங்கைக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றி நீங்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்ட பழக்கம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எஸ்டேட்டை நாங்கள் தீம்பார் என்போம். எங்களுடையது கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் தார்ச் சடக்கில், உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அங்கே செம்பனை. அப்போது கித்தா, அதாவது ரப்பர் மரங்கள். நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர், அதன் பின்வாசலைத் திறந்தால் காடுதான். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. நான் சொல்வது காய் வெடிக்கும் பருவம். வெயில் ஏறினால் ரப்பர்க் காய்கள் டப் டப்பென்று வெடித்து, விதைகள் தகரக் கூரையில் வந்து விழும். நாங்கள் அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, அடுத்தவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். என் தங்கைக்கு அந்தப் பருவமே நரகம். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அம்மாவின் பழைய கைலியைத் தலையோடு சுற்றிக்கொண்டு, அடுப்படியில் அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கைலியில், மரத்தில் உறைந்துபோகும் ஒட்டுப்பாலின் நாற்றம் அடிக்கும். நம்மால் மூக்கைக் கிட்டே கொண்டுபோக முடியாது. அவளுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

அவளுக்கு என்ன என்பது யாருக்கும் தெரியாது. பேசாத நேரத்தில் பார்த்தவர்கள் ஊமை என்றார்கள். பேசுவதைக் கேட்டவர்கள் மந்தம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் "பாப்பா" என்று கூப்பிட்டு, மரவள்ளிக் கிழங்கை உப்புப் போட்டு அவித்துக் கொண்டுவந்து தருவாள்.

வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போக லயத்தில் ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது. அங்கே அவளை மூன்று நாள்தான் வைத்திருந்தார்கள். வரிசையாகத் தொங்கிய தொட்டில்களில் ஒன்று மேலே இருக்கிறது, ஒன்று கீழே இருக்கிறது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடிச்சுகளை அவிழ்த்துக் கட்டப் போய், தூங்கின பிள்ளைகளையெல்லாம் எழுப்பி அழவிட்டாள். "ஒம் புள்ள ஒண்ணு, மத்த புள்ளைங்க எல்லாம் சேந்து ஒண்ணு. எனக்கு ரெண்டு கைதாம்மா இருக்கு" என்று ஆயா கையை விரித்துவிட்டாள். அதனால் அம்மா அவளைத் தன்னோடு பெரட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து பாலுக்கு மரம் சீவவும் கூட்டிப்போனாள். பெரட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அது முடிந்துதான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

பெரட்டு என்றால் உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் ஆபீஸ் திடலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். வேலையாட்கள் எல்லாரும் வாளியும் கத்தியுமாக வந்து வரிசையில் நிற்க வேண்டும். வேலையாட்களை நடத்தும் மண்டோர் அரிக்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் புத்தகத்தில் இருக்கும் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. மொத்தம் நாற்பத்தொரு பெயர். எல்லாரும் கொட்டாவி விட்டபடி, வெற்றிலையை மென்றபடி, கொசுவை அடித்தபடி நிற்பார்கள். தன் பெயர் வரும்போது மட்டும் காது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும்.

நாற்பத்தொரு பெயரையும் கேட்டவள் என் தங்கை ஒருத்திதான். பெயருக்கு ஒரு முறை என் சுண்டுவிரலை அழுத்துவாள். மண்டோரோடு சேர்ந்து அவள் உதடும் அசையும்.

சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து அதையெல்லாம் திருப்பிச் சொல்வாள். மண்டோரின் கட்டைக் குரல், அவர் பெயருக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, பக்கம் திருப்பும்போது நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம் உட்பட ஒன்றும் விடமாட்டாள். அதற்கு லயமே கூடும். "ஏய், ரேடியோ போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிடுவார்கள். தன் பெயர் வந்ததும் ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று கத்துவார்கள். சிரிப்பு அள்ளும். மண்டோரே ஒரு தடவை நின்று கேட்டுவிட்டு, "எனக்கு லீவு வேணும்னா இவள அனுப்பிடலாம் போல" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருப்பாள்.

ஆனால் அவள் அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டதே கிடையாது. மண்டோர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே, அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுசாகக் கூப்பிடுவாள். பசித்தாலும் அதுதான், ஒன்றுக்குப் போனாலும் அதுதான். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதே என்று அப்பா இரண்டு மூன்று தடவை அறைந்திருக்கிறார். அவர் தீம்பாரில் டிராக்டர் ஓட்டினவர். கெட்டவர் இல்லை. வேலையிலிருந்து வந்தால் சத்தம் ஆகாது, அவ்வளவுதான். இப்போது என் கையும் சில நாள் அப்படித்தான் ஓங்குகிறது.

அம்மா அறைய மாட்டாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிட்டாலும் முப்பது தடவையும் "இருக்கேன்" என்று சொல்வாள். சோறு வடிக்கும்போது, பால் வாளி கழுவும்போது, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும்போதும் சொல்வாள். ஒரு நாள் குழாயடியில் என்னிடம், "என்னைக்காவது ஒரு நாளு அம்மான்னு கூப்புடுவாளாடா?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல். "எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.

விளையாட அவள் விட்டால்தானே. திடலில் பந்து விளையாட ஆள் சேரும் நேரத்தில்தான் அவளுக்கு நான் காவல். ஆறு மணிவரை தூங்கும் பையன்களைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். உண்மையைச் சொல்கிறேன், இவள் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்று அந்த வருடம் நான் பல நாள் நினைத்திருக்கிறேன். நம்மில் யாரும் அப்படி நினைத்ததே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பெரியம்மாவின் வீட்டுக்காரரை நாங்கள் பெரியப்பா என்போம். அவர்கள் மகளைச் செகிஞ்சானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. பெரியப்பா லீவு கேட்டார், ஆபீசில் கொடுக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலை. மண்டோர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. மண்டோர் "க்ஹ்ம்" என்று தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வரிசையில் ஒருவரும் கவனிக்கவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது. அவள் உடம்பெல்லாம் விறைத்தது. ஒழுங்கு கலைந்துவிட்டது அல்லவா? அடுத்த நிமிடம் என் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. கத்தினால் மண்டோர் திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டாள். "ஏன்டா கடிச்சா?" என்று கேட்டாள். "மண்டோரு ஒரு பேர விட்டுட்டாரும்மா, அதுக்குத்தான்" என்றேன். அவள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வாசல்படியில் உட்கார்ந்து வழக்கம்போல் ஒப்பித்தாள். பெரியப்பாவின் இடம் வந்தது. "க்ஹ்ம்" என்று செருமினாள். அடுத்த பெயருக்குப் போனாள்.

பெரியம்மா பக்கத்து வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அடியே பாப்பா, எங்க வீட்டுக்காரரு பேர முழுங்கிட்டியேடி" என்று சிரித்தாள். மறுபடியும் சொல்லச் சொன்னாள். தங்கை மறுபடியும் சொன்னாள், மறுபடியும் செருமினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் செய்தி வந்தது. செகிஞ்சானிலிருந்து திரும்பும் வழியில் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் லோரி மோதி, அவர் அங்கேயே போய்விட்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்று யார் சொல்வது? பெரியம்மா எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "பேர எடுத்துட்டாளே, எம் புருசன் பேர எடுத்துட்டாளே" என்று கத்தினாள். கிழங்கு அவித்துத் தந்த அதே கை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவள் விடுகிற பெயர்க்காரன் அடுத்துப் போவான் என்று பேச்சு பரவியது. அவள் வாயைத் திறந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. சிலர் நேர்மாறாக, பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்துத் தங்கள் பெயரைச் சொல்ல வைத்தார்கள். கடைசி வீட்டுத் தாத்தா ஒருவர் தினமும் சாயங்காலம் வேலியோரமாக வந்து நிற்பார். தன் பெயர் வந்ததும், "சரி, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

பெரியப்பாவின் கருமாதி முடிந்ததும் கோயிலில் கூட்டம் போட்டார்கள். மண்டோர்தான் கோயில் தலைவரும். அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தூணோரமாகத் தங்கையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால்.

"கிள்ளான் பக்கத்துல இந்த மாதிரி புள்ளைங்கள வெச்சுப் பாக்குற இடம் இருக்காம். அங்க விட்டுரு" என்று மண்டோர் அப்பாவிடம் சொன்னார். "இல்லன்னா லயத்துல மத்தவங்க இருக்க மாட்டேங்குறாங்க. நான் என்னா செய்யட்டும்?"

அப்பா, "சரிங்க" என்றார்.

அம்மா எழுந்தாள். "மண்டோரண்ணே, இவ சொந்தமா ஒரு வார்த்த பேச மாட்டா. காதுல விழுந்ததத்தான் திருப்பிச் சொல்லுவா. அன்னைக்கு நீங்க அவரு பேர கூப்பிட்டீங்களா?"

மண்டோர் விளக்கைப் பார்த்தார். "கூப்பிட்டேன்" என்றார்.

"யாராச்சும் கேட்டீங்களா?" என்று அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிட்டிருப்பார், கூப்பிடாமல் இருப்பாரா என்றார்கள். கூட்டத்தில் யாரோ, "பையன் கூடத்தானே நின்னான், அவனக் கேளுங்க" என்றார்கள்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மண்டோர், "டேய், நீ சொல்லு. கூப்பிட்டேனா இல்லையா?" என்றார். அதட்டவில்லை. அவர் குரல் கொஞ்சம் நடுங்கியதாகக்கூட இப்போது தோன்றுகிறது.

கடித்த கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தேன். காயம் ஆறிப்போய் அரித்துக்கொண்டிருந்தது. "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மண்டோருக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். மீதிப் பாதி, கிள்ளானில் அப்படி ஓர் இடம் இருக்கிறதாமே என்ற நினைப்பு. காலை ஆறு மணி வரை தூக்கம், சாயங்காலம் பந்து.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பைக்குள் இருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு மண்டோரிடம், "அவன விடுங்கண்ணே. சின்னப் பையன். பெரட்டுல நின்னுக்கிட்டே தூங்குவான்" என்றாள்.

மறுநாள் காலையில் அம்மா யார் பேச்சையும் கேட்காமல் தங்கையைப் பெரட்டுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். பக்கத்தில் நின்ற பெண்கள் விலகி நின்றார்கள். மண்டோர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அம்மாவின் பெயர் வந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது தங்கையால் தாங்க முடியவில்லை. பெயருக்குப் பின்னால் "இருக்கேன்" வர வேண்டும் அல்லவா? மண்டோரின் குரலிலேயே, திடல் முழுக்கக் கேட்கும்படி, அம்மாவின் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அம்மா குனிந்து அவளைப் பார்த்து, "இருக்கேன்" என்றாள்.

அன்று அம்மாவுக்கு வேலை இல்லை. மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும். நான்காம் நாள் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பி, வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் நாங்கள் சாமான்களை லோரியில் ஏற்றினோம். அப்பா அம்மாவோடு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் பிள்ளையை ஒப்படைக்கக் கிள்ளானுக்கும் போகவில்லை.

வெகுநாள் கழித்து, எனக்கு முப்பது வயதிருக்கும்போது, செகிஞ்சானில் மகள் வீட்டில் இருந்த பெரியம்மாவைப் பார்த்தேன். அவளேதான் சொன்னாள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஒரு நாள் விடுங்கள் என்று பெரியப்பா முந்தின நாள் மண்டோர் வீட்டில் போய் நின்றிருக்கிறார். "போய்ட்டு வா, நான் பாத்துக்குறேன்" என்று மண்டோர் சொல்லிவிட்டார். புத்தகத்தில் வந்ததாகப் போட்டுவிட்டு, பதில் வராத பெயரைக் கூப்பிட்டால் தெரிந்துவிடுமே என்று செருமித் தாண்டிவிட்டார். மரம் சீவுவது தனித்தனியாகப் பிரிந்து போய்ச் செய்கிற வேலை, ஒருவன் வராதது அடுத்தவனுக்குத் தெரியாது. வேலை முடிந்துதான் பெரியப்பா போனார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கூட்டத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் மண்டோருக்கு வேலை போயிருக்கும். "நல்லது செய்யப் போனாரு மனுசன்" என்றாள் பெரியம்மா. "அன்னைக்கு எனக்கு யோசிக்கத் தெரியலடா. பச்சப் புள்ளய என்னென்ன சொல்லிட்டேன்." அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். என் பங்கை அவளிடமும் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது அசாம் ஜாவா பக்கம், ஒரு மலாய்க் கிராமத்தின், கம்பம் என்பார்களே, அதன் ஓரத்தில் வாடகைப் பலகை வீடு. அம்மா தேங்காய் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே தண்டவாளம் இல்லை, மண்டோர் இல்லை. பெரட்டு இல்லாமல் தங்கை வாயையே திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடுங்கினாள். ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் விடிகாலையில் அடுப்படியில் குரல் கேட்டு விழித்தேன். அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டே பெரட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு பெயரையும், தன் பெயர் உட்பட. தன் பெயரைத் தானே கூப்பிட்டு "இருக்கேன்" என்றும் சொன்னாள். பெரியப்பாவின் இடத்தில் செருமினாள். தப்பாகப் போனால் மறுபடி முதலிலிருந்து. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் மெல்லச் சேர்ந்துகொண்டது.

பட்டியலின் கடைசியில் அம்மா இரண்டு பெயரைப் புதிதாகச் சேர்த்தாள். முதலில் தங்கையின் பெயர். அதைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாள். முதல் "இருக்கேன்" வர நான்கு வருடம் ஆனது. அன்று அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டாவது என் பெயர். அம்மா கூப்பிடுவாள். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். பதில் சொல்லமாட்டேன். அந்தக் கூத்தில் சேர எனக்கு வெட்கம், எரிச்சல், வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு அம்மா, "தூங்குறான் போல" என்பாள். அடுத்து தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்கும். ரவாங்கில் பேக்டரி வேலை கிடைத்துப் போகும் வரை ஒவ்வொரு நாளும் இதேதான்.

அம்மா போன வருடம் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அன்னைக்குக் கோயில்ல நான் தூங்கிட்டேன்னு சொன்னியேம்மா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அம்மா என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. "நீ தூங்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "பத்துப் போட்டவ நான்தானே. அத்தன பேரு முன்னால உன்னப் பொய் சொல்ல வெக்க வேணாம்னு பாத்தேன். உனக்கும் பத்து வயசுதானேடா. நீயும் அசந்துதான் போயிருந்த."

அம்மா போன மறுநாளே தங்கை விடிகாலையில் எழுந்து பெரட்டுக் கூப்பிட்டாள். அம்மாவின் பெயர் வந்ததும் நின்றாள். காத்திருந்தாள். பதில் வரவில்லை என்றதும் முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி, மறுபடி. பொழுது விடிந்து வெயில் வந்தும் ஓயவில்லை. முடிவில் சுவரில் நெற்றியை மோதினாள். அந்தச் சத்தத்துக்கு என் மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். இரவு ஷிப்ட் முடித்து வந்த மனைவி சாப்பிடக்கூட இல்லாமல் இருவருக்கும் நடுவில் நின்றாள். ஒரு நாள் அவள் அம்மாவுக்குப் பதிலாக "இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தாள். தங்கை அவள் வாயைக் கையால் பொத்தினாள். நான் சொல்லிப் பார்த்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் இப்படியே போனது. இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு ஹோமின் போன் நம்பரை வாங்கினேன். நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களில் ஒருவர்தான் கொடுத்தீர்கள், யாருக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கூப்பிடலாம் என்று இருந்தேன். அன்று காலையும் அவள் ஆரம்பித்தாள். தடுக்கத் தெம்பில்லாமல் அடுப்படித் தரையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகன் வழக்கம்போல் கதவோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். அவள் பெரியப்பாவின் இடத்துக்கு வந்து "க்ஹ்ம்" என்று செருமினாள். ஐம்பது வருடமாக அந்தச் செருமலைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்கு உறைத்தது. இனி வரப்போவதில்லை என்கிற ஆளுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. அம்மா செத்துவிட்டாள், சாமிகிட்ட போய்விட்டாள் என்றெல்லாம் நாங்கள் எங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் இடம் வந்தது. அவள் மூச்சை இழுத்தாள். அதற்குள் நான் மண்டோரைப்போல் தொண்டையைச் செருமினேன்.

அவள் நிறுத்தினாள். என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். கடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், கையை எடுக்கவில்லை. ஒரு முறை அழுத்தினாள். பிறகு அவளும், மெதுவாக, "க்ஹ்ம்" என்றாள். அடுத்த பெயருக்குப் போனாள்.

அப்போதுதான் அழுதேன். அம்மாவின் சாவுக்கு அதுவரை அழ நேரம் கிடைக்கவில்லை.

அவள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றும் முடிந்தது. அம்மாவின் குரலில் தன் பெயரைக் கூப்பிட்டு, தன் குரலில் "இருக்கேன்" என்றாள். கதவோரம் நின்ற மகன் காதிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தான். இப்போது தினமும் அந்த நேரத்துக்கு அவன் அங்கே வந்து நிற்கிறான். ஹோம் நம்பர் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு நாளை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததுபோலத்தான். அடுத்த சனிக்கிழமை, போன் பார்த்து வருகிறதா என்று கேட்ட அந்த இளம் தாயிடம், எங்கள் காலத்திலும் இருந்தார்கள் அம்மா என்று சொல்லப்போகிறேன்.

அன்று காலையின் மிச்சம் இதுதான். பட்டியலில் கடைசியாக என் பெயர் வந்தது. அம்மாவின் குரலேதான், அந்த இழுப்போடு. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுப்படி முழுக்கக் கேட்கும்படி, "இருக்கேன்" என்றேன்.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. சற்று நேரம் காத்திருந்தாள்.

"தூங்குறான் போல" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனாள்.